பதினேழாம் நம்பரின் டூப்ளிகேட்

போன வியாழக்கிழமை ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாமான் அறையைத் திறந்துவிட்டார்கள். எலி மூத்திரமும் ஊறிப்போன அட்டையும் சேர்ந்து அடித்த நாற்றத்தில், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போனேன். இருபது வருஷத்துக்கும் மேலாக யாரும் தொடாத கம்ப்யூட்டர்கள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் எது என்ன என்று ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டுமாம். இந்த மாதிரி வேலைக்கு ஊரில் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நீ உயிரோடு இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று சொல்லத்தான் ஆசை. கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் நான்.

மூன்றாவதாக இருந்த மெஷினைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். முன்பக்கத்தில் அந்தக் கம்பெனியின் நீல பேட்ஜ். மற்றதெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, அது மட்டும் நேற்று ஒட்டியதுபோல் பளபளவென்று இளித்தது. பின்பக்கம் நான்கு திருகாணி. கழற்றி மூடியை இழுத்தபோது, தூசிக்கும் எலி நாற்றத்துக்கும் அடியிலிருந்து ஈயம் பற்றவைக்கும் மெழுகின் வாசனை லேசாக வந்தது. உன் வீட்டு முன்னறையின் வாசனை.  கையை உள்ளே விட்டு, வலதுபக்க மூலையில், பவர் சப்ளை பெட்டிக்குக் கீழே தடவினேன். இருந்தது. செப்புக்கம்பியில் கட்டிய பித்தளை டோக்கன். புடவையில் தேய்த்துப் பார்த்தேன். பதினேழு.

வெளியே அந்தக் கம்பெனிக்காரன் பேர், உள்ளே உன் நம்பர். முந்தானையை மறுபடி முகத்தில் பொத்திக்கொண்டேன். எலி நாற்றம் என்று நினைத்து, கூட நின்ற அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ஜன்னலைத் திறந்துவிட்டார். அது எலி நாற்றம் இல்லையடி.

நாம் இரண்டு பேரும் கோலார் தங்கவயலில், ஊரிகத்தில், சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய ஒரே லைனில் எதிரெதிர் வீட்டில் வளர்ந்தவர்கள். உன் நைனாவும் என் அப்பாவும் ஒரே ஷாஃப்டில் இறங்கியவர்கள். நான் இங்கிலீஷ் படித்து டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கப் போனேன். நீ ஐ.டி.ஐ. முடித்து பெரிய தொழிற்சாலையில் வயரிங் பிரிவில் தற்காலிகமாகச் சேர்ந்தாய். நான்கு வருஷம் அங்கே கட்டுக்கட்டாக வயர் பின்னிவிட்டு, நிரந்தரம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நீ ஒருநாள்கூட அதற்காக மூக்கைச் சிந்தியதில்லை. "அவங்க குடுத்த வேலை போச்சு, என் கையி என்கிட்டதான கீது" என்றாய். அடுத்த மாதமே பெங்களூருக்கு ரயிலேறி, எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகடையாக நின்று பார்த்து, கம்ப்யூட்டரைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாய்.

என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை கம்ப்யூட்டர் சென்டராக மாற்ற வேண்டிய காலம் அது. டைப்ரைட்டர் கற்க வந்த பெண்களெல்லாம் "கம்ப்யூட்டர் இல்லையா மிஸ்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கம்பெனி மெஷின் வாங்க எனக்கு ஏது வக்கு? நீதான் செய்துகொடுத்தாய். ஒன்றிலிருந்து எட்டு வரை என் சென்டர் மெஷின்கள். மதர்போர்டைத் தலையணை உறைக்குள் போட்டு, உறையைத் துணிப்பைக்குள் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் வருவாய். கூட்டத்தில் ஓர் ஆள் உன் பையில் சாய்ந்தபோது, "சாயாதீங்கணா, உள்ள பாம்பு கீது" என்றாயே, அந்த ஆள் பங்காருப்பேட்டை வரைக்கும் ஒற்றைக்காலில் நின்று வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போர்டைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னல் கம்பியைத் தொட வேண்டும் என்பது உன் சட்டம். உடம்பில் இருக்கிற கரண்டு போர்டைச் சுட்டுவிடும் என்பாய். என் சென்டரில் மாணவிகளானாலும் சரி, நானானாலும் சரி, மூடியைத் திறந்தால் முதல் கேள்வி, "கம்பியத் தொட்டியா?" மறந்துபோனால் புறங்கையில் ஒரு தட்டு. உன் கையால் வாங்கிய தட்டுகள் எனக்கு நிறைய.

இன்னொரு வழக்கமும் உனக்கு இருந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் வினையாகப் போயிற்று. நம் ஊரில் ஷாஃப்டில் இறங்குகிற ஆளுக்கு ஒரே நம்பரில் இரண்டு பித்தளை டோக்கன். ஒன்று ஆளோடு கேஜில், அந்த இரும்புக் கூண்டில், கீழே போகும். அது ஒரிஜினல். மற்றது மேலே பலகையில் ஆணியில் தொங்கும். அதற்குப் பேர் டூப்ளிகேட். ஆள் மேலே வந்து தன் டோக்கனைக் கொடுத்தால் இரண்டையும் சேர்த்து மாட்டுவார்கள். டூப்ளிகேட் தனியாகத் தொங்குகிறது என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். நம் அம்மாக்கள் அந்தப் பலகையை நினைத்துக்கொண்டுதான் உலை வைத்தார்கள்.

நீ செய்த ஒவ்வொரு மெஷினுக்கும் அதே முறை. உன் நைனா பழைய பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, ஒரே நம்பரை இரண்டில் அடித்துக் கொடுப்பார். ஒன்றை மெஷினுக்குள் கட்டுவாய். மற்றதை உன் வீட்டு முன்னறையில் பலகையில் மாட்டுவாய். மெஷின் செத்துத் திரும்பி வந்தால் இரண்டையும் ஒரே கம்பியில் சேர்த்துக் கட்டி பிஸ்கட் டின்னில் போடுவாய். "நான் அனுப்பின ஆளு மேல வர்ற வரைக்கும் நான்தான பொறுப்பு" என்பாய். ரிப்பேருக்குக் கூப்பிட்டால் மழையோ வெயிலோ போய்விடுவாய். ஊரில் எந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆளும் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

கேபினெட்டின் முன்பக்கம், பேட்ஜ் ஒட்டுவதற்கென்று ஒரு சின்னச் சதுரக் குழி இருக்கும். உன் மெஷின்களில் அது காலியாகவே இருக்கும். ஒரு வாத்தியார் உன்னிடம் கெஞ்சினார். கம்பெனி பேட்ஜ் எங்கேயாவது வாங்கி அந்தக் குழியில் ஒட்டிக்கொடு, மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள் என்று. நீ ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாய்.

"ஏன் சார், நான் பெத்த புள்ளைக்கு ஊரான் இனிஷியல் போடணுமா? வோணும்னா காலியா எடுத்துனு போங்க. இல்லன்னா இங்கயே வெச்சிட்டுப் போங்க."

அவர் காலியாகவே எடுத்துக்கொண்டு போனார்.

இந்த நேரத்தில்தான் கம்பெனிக்காரர்களுக்கு நம்மைப்போன்றவர்கள்மேல் கண் விழுந்தது. ஊருக்கு ஊர் யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அவர்கள் மெஷின்போலவே செய்துவிடுகிறார்கள் என்று அவர்களுக்கு வயிற்றெரிச்சல். கோலாரில் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம் போட்டார்கள். கோலாரில் அந்தக் கம்பெனிக்கு டீலர் ஒருவன் இருந்தானே, அவன்தான் எல்லா சென்டர்காரர்களுக்கும் பத்திரிகை கொடுத்து அழைத்தான். நாம் இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனோம். டை கட்டிய ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். நகல் மெஷின் தீப்பிடிக்கும் என்றார். தகவல் அழிந்துபோகும் என்றார். நகல் செய்கிறவன் திருடன், வாங்குகிறவன் திருட்டுக்குத் துணை என்றார். கடைசியில் ஒரு மினுக்கும் ஸ்டிக்கரைத் தூக்கிக் காட்டி, இனிமேல் இது இருந்தால்தான் அசல் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நினைத்தால் இப்போது அந்தக் கையைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

நீ எழுந்து நின்றாய். "சார், ஒரு சந்தேகம். உங்க மெஷின் உள்ள இருக்கற போர்டு நீங்க செய்யறதா?"

"எங்க தரத்துக்கு ஏத்தமாதிரி செய்து வாங்கறோம்மா."

"நானும் அந்தப் போர்டுதான் சார் வாங்கறேன். அதே பச்சை, அதே நம்பர். ரேம் மெமரியும் அதே. நீங்க வாங்கிச் சேத்தா அசலு, நான் வாங்கிச் சேத்தா திருட்டா?"

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அந்த மனிதரும் சிரித்தார். குழந்தை பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "டீ சாப்பிடலாமா?" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.  உன் கேள்விக்கு இன்றுவரைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

நீ டீயைத் தொடவில்லை. ஆனால் வெளியே வரும்போது அந்த டீலர் நம் பின்னாலேயே ஓடிவந்தான். வாயெல்லாம் பல். "இன்னா தைரியம்மா உங்களுக்கு! நம்ம பக்கத்துல இப்படி ஒருத்தர் இருக்கறது எனக்குத் தெரியவே இல்லியே" என்றான். ஒரு வாரம் கழித்து உன் வீட்டுக்கே வந்து, அரசு ஆபீஸ்களுக்கும் பள்ளிகளுக்கும் குறைந்த விலையில் கொடுக்கப் பத்து மெஷின் வேண்டும் என்றான். பேட்ஜ் வேண்டாம், குழி காலியாக இருக்கட்டும் என்று அவனே சொன்னான். உனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. பதினைந்திலிருந்து இருபத்துநாலு வரை அவனுக்குச் செய்தாய். டோக்கன் எதுக்கும்மா உள்ளே, சத்தம் வரும் என்று அவன் சொன்னபோது, சத்தம் வராமல் இறுக்கிக் கட்டுகிறேன் என்று சொல்லிக் கட்டினாய்.

அந்தப் பத்துக் குழியிலும் அவன் தன் கடைப் பழைய மெஷின்களிலிருந்து பெயர்த்த பேட்ஜை ஒட்டி, கம்பெனி மெஷின் என்றே விற்றான். எச்சில் இலையை எடுத்துத் துடைத்துப் பந்தியில் போடுகிறவன்கூட இவனைவிட மேல். ஏதோ ஓர் ஆபீஸ் மெஷின் கம்பெனியின் சர்வீஸுக்குப் போய், அதன் நம்பர் அவர்கள் புத்தகத்தில் இல்லை என்று குட்டு உடைந்ததும், அவன் சட்டென்று விரலை ஊரிகம் பக்கம் நீட்டிவிட்டான். கம்பெனிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தங்கள் டீலரே செய்தான் என்றால் தங்களுக்குக் கேவலம். லைன் வீட்டில் ஒரு பெண் செய்தாள் என்றால் பேப்பரில் போடலாம்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். நான் சென்டரில் இருந்தேன். அந்த டை கட்டிய மனிதர் ஒரு வக்கீலோடு படியேறி வந்தார். கூடவே டீலர். என் எட்டு மெஷின்களையும் ஒருமுறை பார்த்தார். எட்டுக் காலிக் குழிகளையும் பார்த்தார்.

"இதெல்லாம் அவங்க செய்ததுதானே மேடம்? இதையும் எடுத்துக்கிட்டுப் போகவேண்டி வரும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்னு சொன்னாங்க. அவங்க வாக்குமூலத்தை நீங்க எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா, உங்க சென்டரை நாங்க பார்க்கவே தேவையில்லை."

அடுத்த வாரம் பரீட்சை. மாணவிகள் பதிவு செய்துவிட்டு இராப்பகலாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் போனேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வாசலில் மாட்டிய என் பேர் போர்டுக்காக, ஊர் ஏறி வருகிற என் படிக்கட்டுக்காக, 'மிஸ்' என்று ஊர் கூப்பிடுவதற்காகப் போனேன். பேனாவைக்கூட நானே எடுத்துக்கொண்டேன்.

உன் வீட்டு வாசலில் லைன் முழுக்கக் கூடியிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு பெண் போலீஸ். உள்ளே உன் நைனா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நீ என்னைப் பார்த்ததும் உன் முகம் தெளிந்தது. அதை நான் எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது? "கலா வந்துட்டா, அவ சொல்லிடுவா உங்களுக்கு" என்று அவர்களிடம் சொன்னாய்.

டை கட்டியவர் கூடவே கொண்டுவந்த ஒரு மெஷினைத் திறந்து, உள்ளேயிருந்து டோக்கனை இழுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இதைச் செய்தது நீங்கதானா?"

"ஆமா சார். நான்தான்."

"டூப்ளிகேட் செய்து விக்கிறீங்க. ஒத்துக்கறீங்களா?"

உன் கண் அவர் கையில் இருந்த டோக்கன்மேலேயே இருந்தது. அவர் பேசியது மெஷினைப் பற்றி. நீ பதில் சொன்னது டோக்கனைப் பற்றி. நம் ஊர்க்காரிக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு 'டூப்ளிகேட்' என்று கேட்டால் வேறு என்ன தோன்றும்?

"இல்ல சார், உங்க கையில கீதே, அது ஒரிஜினலு. டூப்ளிகேட் உள்ள மாட்டிக்கீது. இருங்க, எடுத்தாரேன்."

"எத்தனைக்கு டூப்ளிகேட் இருக்கு?"

"எல்லாத்துக்கும் கீது சார். டூப்ளிகேட் போடாம ஒரு மெஷினு கூட நான் வெளிய அனுப்பினதே இல்ல. யாரை வோணா கேளுங்க."

வக்கீலும் டை கட்டியவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் பாயசம் வரும்போது தெரியுமே, அப்படி ஒரு முகம். நீயோ உள்ளே ஓடிப்போய்ப் பலகையையே கழற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாய், பெருமையாக. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு டோக்கன் தொங்கிக் கலகலத்தது.

"எழுதுங்க மேடம்" என்றார் வக்கீல்.

நான் எழுதினேன். இங்கிலீஷில், அழகான கையெழுத்தில். அவை எல்லாவற்றுக்கும் நான் டூப்ளிகேட் செய்திருக்கிறேன், டூப்ளிகேட் இல்லாமல் எந்த மெஷினையும் நான் வெளியே அனுப்பியதில்லை என்று. நீ சொன்னதில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. டோக்கன் என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால் போதும், அந்தக் காகிதம் ஒன்றுக்கும் உதவாது. அந்தச் சொல் பேனா முனைவரைக்கும் வந்தது. நிமிர்ந்தேன். டீலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முற்றுப்புள்ளி வைத்தேன்.

நீ அதைப் படிக்கவில்லை. "நீ எழுதினதுதான, குடு" என்று வாங்கி, தமிழில் கையெழுத்துப் போட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. பலகையை எடுத்து ஜீப்பில் போட்டார்கள். ஏன் என்று கேட்டாய். பெட்டிகளை இழுத்தார்கள். திருட்டு ஸ்டிக்கர் எங்காவது ஒளித்து வைத்திருக்கிறாயா என்று பார்க்க, பெண் போலீஸ் உன்னை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய் உடம்பைத் தடவிப் பார்த்தார். திரைச்சீலை அரைகுறையாகத்தான் மூடியிருந்தது. உன் நைனா எழுந்து நின்றார். முப்பது வருஷம் ஷிஃப்ட் முடிந்து கேஜில் மேலே வந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற மனிதர். தங்கம் எடுத்தாயா என்று தினமும் தடவிப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"என்னத் தடவினாங்க, நான் எதுவும் பேசல. தங்கம் அவங்களுது" என்றார் அவர். "என் பொண்ணு கையில இன்னாய்யா கீது, உங்களுது?"

வக்கீல் வாக்குமூலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். லைன் வாசலில் நின்ற ஒருத்தி, "அய்யய்ய, இவங்க வூட்லயா திருட்டு?" என்று கன்னத்தில் கைவைத்தாள். அந்த ஒரு சொல் லைனில் கடைசி வீடு வரைக்கும் போவதை நான் நின்று கேட்டேன். என் கையில் பேனா மூடி திறந்தபடியே இருந்தது.

வழக்கு கோலார் கோர்ட்டில் இழுத்தது. உன்னைத் தேதி தேதியாக அலைக்கழித்துவிட்டு, ஒன்றுமில்லாமல் கம்பெனியே வாபஸ் வாங்கிக்கொண்டது. அவர்களுக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை. பேப்பரில் வந்த படமும், எல்லா சென்டருக்கும் அனுப்பிய மிரட்டல் கடிதமும் போதுமாக இருந்தது. டீலருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் விற்ற மற்ற மெஷின்களை யாரும் தேடிப் பிடிக்கவும் இல்லை. அடுத்த வருஷம் அவன் கடையிலிருந்துதான் நான் ஆறு புது மெஷின் வாங்கினேன், தெரியுமா? தெரியும் உனக்கு. அசல் என்று ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினேன். தூ! மெஷினை ஒருநாள் நானே திறந்து பார்த்தேன். உள்ளே அதே பச்சைப் போர்டு.

உன்னிடம் மெஷின் செய்யச் சொல்லி ஊரில் யாரும் வரவில்லை. நீ காலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு பட்டறையில் போர்டுக்கு ஈயம் பற்றவைக்கும் வேலையில் சேர்ந்தாய். அங்கிருந்து அந்தப் போர்டுகள் எங்கே போகின்றன, யார் பேரை ஒட்டிக்கொண்டு அசலாகின்றன என்று உனக்கும் தெரியாது, உன் முதலாளிக்கும் அக்கறை இல்லை. சுரங்கத்தை மூடிய வருஷம். ரயில் முழுக்க நம் ஊர் ஜனம்தான்.

அப்போதுதான் ஒருநாள் ஊரிகம் ஸ்டேஷனில் உன்னைப் பார்த்தேன். வண்டி வர நேரமிருந்தது. நீ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"கலா, அன்னிக்கி டோக்கன்னு எழுதினியா?"

"நீ சொன்னதை அப்படியே எழுதினேன்டி."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். "சரி" என்றாய். வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நீ அதைக் கேட்கவே இல்லை. என் சென்டரில் எது ரிப்பேரானாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாய், உன் எட்டும் ஒவ்வொன்றாகச் சாகிற வரைக்கும். பிறகு கம்பெனி மெஷின் நின்றுபோனபோதும் நீதான் வந்தாய். சுவரில் அந்தச் சர்டிபிகேட் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்து மூடியைத் திறந்து, "கம்பியத் தொட்டியா?" என்று என்னைக் கேட்டாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கக்கூடாதா? வாயில் வந்ததைச் சொல்லி, செருப்பைக் கழற்றியிருக்கக்கூடாதா? உன் நல்ல குணத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை வைத்தே என்னை நீ இருபது வருஷம் நிற்க வைத்துவிட்டாய்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. காரியம் முடிந்த அன்றைக்கு உன் தம்பி ஒரு கோணிச்சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கோர்ட் முத்திரை ஒட்டிய தழும்போடு அந்தப் பலகை. "அக்கா உங்ககிட்டதான் குடுக்கச் சொல்லிச்சு. உங்களுக்கு அர்த்தம் தெரியும்னுச்சு" என்றான். அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் நான். அன்றைக்கும் நான்தான் தெரிந்தவள். பலகையை மாட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. மூன்று நாள் சாக்கோடு கிடந்தது, பிறகுதான் மாட்டினேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். பதினேழை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, தலைமையாசிரியை பக்கத்தில் வந்தார். சின்ன வயசுப் பெண், தும்கூர் பக்கத்துக்காரர், நல்ல மனசு. பட்டியலில் எழுதவேண்டிய கட்டங்களைக் காட்டினார். வரிசை எண், தயாரித்தது யார், நிலை.

"இது கம்பெனி மெஷின்தானே மேடம்? பேட்ஜ் இருக்கே. ஒரிஜினலா, இல்ல டூப்ளிகேட்டா?"

அதே கேள்வி. அதே பேனா என்று சொல்ல மாட்டேன், அது எங்கோ தொலைந்துபோயிற்று. முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த நீல பேட்ஜை நெம்பினேன். கோந்து இழுத்துக்கொண்டு, பிய்ந்துபோன தோல்போல வந்தது. குழியைத் துடைத்துக் காலியாக்கினேன்.

"இது ஒரிஜினல் மேடம்" என்றேன். "இதோட டூப்ளிகேட் எங்க வீட்ல ஆணியில தொங்குது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். டோக்கன், பலகை, டீலர், என் பேனா, என் முற்றுப்புள்ளி, எல்லாம். முடிகிற வரைக்கும் கேட்டார். "இதை முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் அருவருப்பு இருந்தது. நியாயம்தான். இருபது வருஷமாக நான் எதிர்பார்த்த பார்வை அது. நீ காட்டாததை யாரோ பெற்ற பெண் காட்டினாள்.

பிறகு பட்டியலை இழுத்து வைத்துக்கொண்டேன். ஜன்னல் கம்பியைத் தொட்டேன். தயாரித்தது யார் என்ற கட்டத்தில் உன் பேரை முழுசாக எழுதினேன், உன் நைனாவின் இனிஷியலோடு. பக்கத்தில், டோக்கன் எண் பதினேழு. அந்தக் காகிதம் பழைய இரும்புக்காரனோடு போய்விடும். உன்னைத் திருடி என்று சொன்ன லைனில் பாதிப் பேர் இப்போது இல்லை. எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா?

உன் முறைப்படி, செத்த மெஷினின் டோக்கனையும் டூப்ளிகேட்டையும் சேர்த்துக் கட்டி டின்னில் போட வேண்டும். வீட்டுக்கு வந்து கம்பியைக்கூட எடுத்துவிட்டேன். கட்டவில்லை. உன் மெஷின் மேலே வந்துவிட்டது. அந்தப் பதினேழை நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன், சாவியோடு உரசிக்கொண்டு கிடக்கிறது. பலகையில் அதன் டூப்ளிகேட் தனியாகத் தொங்குகிறது. தொங்கட்டும்டி. நான் இன்னும் கீழேதான் இருக்கிறேன்.